சிவப்புப் பேனையால் வெட்டிய 'உம்மா'



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள். முதல் பந்தியை மட்டும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

போன கிழமை எங்கள் பாடசாலையில் பெற்றார் கூட்டம். தரம் 6 பிள்ளை ஒன்றின் வாப்பா எழும்பி நின்று சொன்னார்: "பாடமெல்லாம் பரவால்ல டீச்சர். புள்ளட பேச்சத்தான் கொஞ்சம் திருத்தணும். உம்மா, வாப்பா, நானா, தாத்தா எண்டு ஊருப் பேச்சு பேசினா நாளைக்குக் கொழும்புல இன்டர்வியூவுக்குப் போனா சிரிப்பாங்க."

சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். முன்னால் இருந்த தமிழ்ப் பாட ஆசிரியர்களான நாங்களும் தலையாட்டினோம். "சரி, பாக்கிறோம்" என்றோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. ஒரு வாப்பா எங்களுக்கு முன்னால் எழும்பி நின்று, தன் பிள்ளை தன்னை வாப்பா என்று கூப்பிடுவதைத் திருத்தித் தரச் சொல்கிறார். அதற்கு நாங்கள் தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். பிறரைக் குறை சொல்வதற்கு முன் அதுதான் முறை.

சில வருடங்களுக்கு முன் தமிழ்மொழித் தினப் போட்டிக்குத் தரம் 10 மாணவி ஒருத்தி சிறுகதை எழுதிக்கொண்டு வந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு உம்மாவைப் பற்றிய கதை. அவளுடைய உம்மாவே அப்போது குவைத்தில்தான். உம்மா பயணம் போன விடியற்காலையில் உம்மும்மா ஆக்கிய சோறு யாரும் தொடாமல் கிடந்தது, தம்பி உம்மாவின் பழைய சால்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியது என்று எல்லாம் அதில் இருந்தது. நல்ல கதை.

நாங்கள் சிவப்புப் பேனையை எடுத்தோம். 'உம்மா' என்று வந்த இடமெல்லாம் வெட்டி 'அம்மா' என்று எழுதினோம். 'உம்மும்மா' பாட்டியானாள். 'ஆணம்' குழம்பானது. நடுவர்களுக்கு விளங்க வேண்டும், பொதுத்தமிழில் இருந்தால்தான் புள்ளி கிடைக்கும் என்றோம். அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அது எங்கட உம்மா இல்ல டீச்சர்."

நாங்கள் சிரித்தோம். "கதைதானே மகள்" என்றோம்.

கதை வலயத்தில் இரண்டாம் இடம் வந்தது. சான்றிதழ் கிடைத்த அன்றிரவு அவள் அதைக் குரல்பதிவாக வாசித்துக் குவைத்துக்கு அனுப்பியிருக்கிறாள். முழுக்கக் கேட்ட உம்மா கேட்டாராம்: "இது யார்ட கத மகள்?"

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்களுக்குத்தான் அது இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் பிள்ளைகளின் பேச்சைத் திருத்தச் சொல்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தோம். நான்கு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். நான்கு பேரும் வேறு வேறு காரணம் சொல்கிறார்கள். கேட்பது மட்டும் ஒரே விஷயம்: நீங்கள் நீங்களாக இருக்காதீர்கள்.

முதலாவது, 'நல்ல தமிழ்' பக்கம். உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்றால் கொச்சையாம். சரி. யாழ்ப்பாணத்துக் கதையில் 'ஆச்சி', 'அப்பு' வந்தால் மண்வாசனை. தமிழ்நாட்டுக் கதையில் 'ஆத்தா' வந்தால் வட்டார வழக்கு. நம்முடைய கதையில் 'உம்மா' வந்தால் மட்டும் பிழையா? தரம் 1 பிள்ளையிடம் 'அப்பா' படம் வரையச் சொன்னால் வெள்ளைத் தாடியும் கைத்தடியும் வைத்து வரைகிறது. ஏனென்றால் நம் பகுதி வீடுகளில் அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. 'தாத்தா' பாடம் படிப்பித்தால் பிள்ளைகள் மூத்த சகோதரியை நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அறிவில்லை என்றா இதற்குப் பொருள்? நம் வீட்டுச் சொல்லைப் பாடப்புத்தகம் கேள்விப்பட்டதில்லை, அவ்வளவுதான். புத்தகத்துக்குப் பதிலாகப் பிள்ளையைத் திருத்துகிறோம். 'ஆணம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தமிழ் அகராதியைத் திறந்து பாருங்கள், குழம்பு என்ற பொருளில் இருக்கிறது. ஊரெல்லாம் மறந்த சொல்லை நம் உம்மாமார் சட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். நாங்கள் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டினோம்.

இரண்டாவது, ஆங்கிலப் பக்கம். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'டடி', 'மம்மி' என்று கூப்பிட்டால் பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்கிறோம்: வராது. ஆங்கிலம் படித்தால்தான் வரும். படிப்பியுங்கள், நன்றாகப் படிப்பியுங்கள். அதற்கு வாப்பா என்ற சொல் என்ன இடைஞ்சல் செய்தது?

மூன்றாவது, நம்முடைய சொந்தப் பக்கம். இதைச் சொன்னால்தான் கோபம் வரும். வரட்டும். நம் மூத்தவர்கள் தொழுகை என்றார்கள், நோன்பு என்றார்கள், பள்ளி என்றார்கள், பெருநாள் என்றார்கள். எல்லாம் தமிழ்ச் சொல். நூற்றுக்கணக்கான வருடங்கள் அந்தச் சொற்களை வைத்துத்தான் இந்த மண்ணில் தீன் வாழ்ந்தது. இன்று 'நோன்புப் பெருநாள்' என்று சொன்னால் பட்டிக்காடு, 'ஈத்' என்று சொன்னால் படித்தவர். ஓதப்பள்ளி என்றால் குறைவு, வேறு பெயர் வைத்தால் உயர்வு. அரபு நம் குர்ஆனின் மொழி. அதைப் படிப்பதும் விளங்குவதும் வணக்கம். அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் உம்மும்மா 'நோன்பு நிய்யத்து' என்று சொன்னதால் அவருடைய நோன்பு குறைந்துபோனதா? மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ்வே சூரா அர்ரூமில் சொல்கிறான். அவன் அத்தாட்சி என்று சொன்னதை நாம் அவமானம் என்று மறைப்பது எந்தக் கணக்கு?

நான்காவது, பயம். இதுதான் எல்லாவற்றிலும் கனமானது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த மாதங்களை மறந்தவர்கள் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அந்த நாட்களில் எங்கள் பாடசாலைத் தாய் ஒருவர் சொன்னார்: "சின்னவன் பஸ்ஸுக்குள்ள 'உம்மா, உம்மா' எண்டு சத்தமா கூப்பிட்டான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவன்ட வாயப் பொத்தினேன். அதுக்குப் பொறகு வெளிய போறப்ப அம்மா எண்டு கூப்பிடச் சொல்லிப் பழக்கியிருக்கேன்."

ஏன் அம்மா? சிங்களத்திலும் அது அம்மாதான். தமிழிலும் அம்மாதான். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம். 'உம்மா' என்றால் யார் என்று தெரிந்துவிடும்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. பிள்ளையின் உயிரைப் பற்றிய பயம் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸுக்குள் பயத்தில் அந்தத் தாய் செய்ததைத்தான் நாங்கள் வகுப்புக்குள், எந்தப் பயமும் இல்லாமல், நிழலில் உட்கார்ந்துகொண்டு சிவப்புப் பேனையால் செய்தோம். அவரிடம் நியாயம் இருந்தது. எங்களிடம் இரண்டாம் இடச் சான்றிதழ்தான் இருந்தது.

சரி, ஒளிந்துகொண்டதால் காப்பாற்றப்பட்டோமா? அதையும் பார்ப்போம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். அந்த மக்கள் பேசியது என்ன தமிழ்? யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். 'நல்ல தமிழ்' என்று இன்று நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுகிறோமோ அந்தத் தமிழ். அது அவர்களுக்கு ஒரு மணித்தியாலம்கூட அதிகம் வாங்கித் தரவில்லை. அயலில் இருந்த தமிழ்ச் சனங்கள் அழுதார்கள் என்று அங்கிருந்து வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அழுத அந்த அயலவர் இவர்களை முஸ்லிம்கள் என்று தெரிந்துதான் இத்தனை காலமும் நேசித்திருந்தார்கள். யாரும் எதையும் மறைத்து வாங்கிய நேசம் அல்ல அது.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்க விடாமல் எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் எரித்தார்கள். எரிக்கப்பட்டவர்களில் சிங்களம் மணிமணியாகப் பேசியவர்களும் இருந்தார்கள், வெசாக் நாளில் பக்கத்து வீட்டுப் பந்தலுக்குக் கம்பு நட்டவர்களும் இருந்தார்கள். இவர் பஸ்ஸில் அம்மா என்றாரா உம்மா என்றாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. பிறகு 2024இல் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. அந்த இடத்துக்கு வந்து சேர எது உதவியது? ஜனாஸாவை அடக்குவது எங்கள் உரிமை என்று விடாமல் சொன்னவர்கள். வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டியவர்கள். அவர்களோடு சேர்ந்து நின்ற சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர். ஒளிந்திருந்தவர்களுக்காக யாரும் வந்து பக்கத்தில் நிற்க முடியாது. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால்தானே பக்கத்தில் நிற்கலாம்?

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். நம்மை மாற்றிக்கொண்டு வாங்கும் அங்கீகாரம் நமக்குக் கிடைத்த அங்கீகாரம் அல்ல. நாம் இல்லாத இடத்தில் வேறு யாரோ ஒருவரை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்குக் கிடைத்த இரண்டாம் இடம் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததல்ல. நாங்கள் வெட்டி ஒட்டிய வேறொரு பிள்ளைக்குக் கிடைத்தது.

இந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை வாசித்தார். அவர் முன்வைத்த ஆதாரங்களில் பெரியது நாம் பேசும் மொழி. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் பேசப்பட்ட காலம் அது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதினார். அந்த வாதம் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நம் மனதில் ஒரு பயம் தங்கிவிட்டது என்று நினைக்கிறோம்: தமிழை நம்முடையது என்று உரக்கச் சொன்னால் நம் தனித்துவம் போய்விடுமோ என்று. அதனால் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. தமிழ் பேசுகிறோம், ஆனால் அது நம்முடையது என்று சொல்வதில்லை. நம்முடைய விதமாகப் பேசுகிறோம், ஆனால் அது சரி என்று சொல்வதில்லை.

அதே காலத்தில் வாழ்ந்த சித்திலெப்பையைப் பாருங்கள். கண்டியில் பிறந்த வழக்கறிஞர். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சண்டை பிடித்தவர். அரபுக் கல்விக்கும் உழைத்தவர். அவர் 1882இல் தொடங்கிய பத்திரிகை 'முஸ்லிம் நேசன்' தமிழில்தான் வந்தது. 1885இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய கதை'யைத்தான் இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்கிறார்கள். தீனும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், தமிழும் வேண்டும் என்றார். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பாணந்துறையில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்ததை ஆராய்ந்து, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்து அந்த வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கு முஸ்லிம் கிராமத்துக் கவிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். வயலிலும் வீட்டு முற்றத்திலும் நம் உம்மாமார் பாடியவை அவை. 'கொச்சை' என்று அவர் வெட்டியிருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

நம்மவர் மட்டுமல்ல. டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் ஒடுக்கப்பட்ட சனங்களின் பேச்சைக் கதையில் எழுதியபோது பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்றார்கள். அவர்கள் மாற்றவில்லை. ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியது. இழிசனர் வழக்கு என்று சொன்னவர்களின் பெயர் இன்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது எதிர்க்கேள்விகள். வரும் என்று தெரியும்.

"அப்ப பரீட்சையில 'ஈக்கி', 'இரிக்கி' எண்டு எழுதலாமா டீச்சர்?" கூடாது. எழுத்துத் தமிழைப் படிப்பிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். ணகர னகரம் பிழைத்தால் புள்ளி குறைப்போம். எழுவாயும் பயனிலையும் ஒத்துவராவிட்டால் திருத்துவோம். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் 'உம்மா' எழுத்துப்பிழை அல்ல, இலக்கணப்பிழையும் அல்ல. ஒரு மனுஷியின் பெயர் அது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆசிரியர்களாக நாங்கள் இருந்ததுதான் பிழை.

"மற்றவர்களுக்கு விளங்காதே?" 'அப்பப்பா', 'ஆச்சி' எல்லாம் நமக்கு எப்படி விளங்கியது? வாசித்தோம், விளங்கியது. நம்மை வாசித்தால் அவர்களுக்கும் விளங்கும். நாமே எழுதாவிட்டால் எதை வாசிப்பார்கள்?

"இருக்கிற பிரச்சினை போதாதா, இது பெரிய விஷயமா?" உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் எழும்பிப் பேச வாயெடுத்து, ஒரு சொல்லில் தடுமாறி, "வேண்டாம் டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுவதை வாரத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறோம். அவனுக்கு விஷயம் தெரியும். தன் வாயிலிருந்து எந்தச் சொல் வரும் என்ற பயம்தான் உட்கார வைக்கிறது. வீட்டுச் சொல் வந்தால் சிரிப்பார்கள். புத்தகச் சொல் அந்த நேரத்துக்கு வராது. ஆகவே மௌனம். நாளைக்கு இவன் பிரதேச செயலகத்தில் தன் உரிமையை எப்படிக் கேட்பான்? பொலிஸில் வாக்குமூலம் எப்படிக் கொடுப்பான்? பன்னிரண்டு வருடம் அவன் வாயைத் திருத்தித் திருத்தி மூடியது நாங்கள்.

ஆகவே எங்கள் பாடசாலையின் தமிழ் ஆசிரியர்கள் நாங்கள் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். மற்றவர்களும் யோசியுங்கள்.

உறவுமுறைச் சொல்லுக்குக் கீழே இனிச் சிவப்புக் கோடு விழாது. போட்டிக்குப் போகும் கதையில் உம்மா உம்மாவாகவே போவாள். புள்ளி குறைந்தால் குறையட்டும், நடுவர்களுக்கு நாங்கள் எழுதுவோம். கல்முனையில் இருந்து வந்த பிள்ளை 'காக்கா' என்றால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பையும் நிறுத்துவோம், ஏனென்றால் வெளியே வாங்கிய அடியை நாம் நமக்குள்ளேயே திருப்பிக் கொடுக்கிறோம். தரம் 8 பிள்ளைகளிடம் உம்மும்மா, அப்பாவிடம் கேட்டுச் சொற்களை எழுதி வரச் சொன்னோம். ஒரே வாரத்தில் நூறைத் தாண்டியது. அதில் பாதி எங்களுக்கே தெரியாது. கொப்பியைப் பாடசாலை நூலகத்தில் வைத்திருக்கிறோம்.

பெற்றாருக்கு ஒரு சொல். அந்த வாப்பாவைத் திரும்பச் சந்தித்து எங்கள் தலையாட்டலை வாபஸ் வாங்கப் போகிறோம். உங்கள் பிள்ளைக்கு மூன்று மொழியும் படிப்பிப்போம், மேடையிலும் ஏற்றுவோம், இன்டர்வியூவுக்கும் தயார்ப்படுத்துவோம். ஆனால் உங்களை அவன் வாப்பா என்று கூப்பிடுவதை நாங்கள் திருத்த மாட்டோம். அது திருந்த வேண்டிய இடம் அல்ல.

பள்ளி நிர்வாகத்துக்கும் உலமாக்களுக்கும் பணிவான வேண்டுகோள். மிம்பரில் நம் ஊர்ச் சொல்லில் ஒரு வசனம் வந்தால் பின் வரிசையில் இருக்கும் முதியவர் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, அந்தப் பிள்ளை. இப்போது உயர்தரம் முடித்துவிட்டாள். உம்மாவும் குவைத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார். பெற்றார் கூட்டத்துக்கு அடுத்த நாள் அவள் வீட்டுக்குப் போனோம். அன்று நாங்கள் செய்தது பிழை என்று சொன்னோம். முதலில் எழுதிய கதை இருந்தால் தரச் சொன்னோம், பாடசாலைச் சஞ்சிகையில் அப்படியே போடுவதற்கு.

"அந்தக் கொப்பிய அப்பயே கிழிச்சிட்டேன் டீச்சர்" என்றாள்.

உள்ளேயிருந்து உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். "அத விடுங்க டீச்சர், அவ திரும்ப எழுதுவா" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுதினால் ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் பாடசாலை வெட்டிய சொல் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர் என்றும் போடுங்கள். தரம் 8 கொப்பியில் இன்னும் நிறையப் பக்கம் மிச்சம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.